ஏறுவது பாதி, இறங்குவது மீதி

பத்தாம் வகுப்பு மாணவி, அச்சங்குளம்

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரத்தை அதன்மேல் எழுத முடியும். அந்த உறுதியைத் தரும் பயிற்சிகள் பல. அவற்றுள் அதிகச் செலவில்லாதது ஓட்டம். அதிலும் மலைச்சாரலில், மரநிழலில், வட்டமாகச் சுற்றி வரும் பாதையில் மெல்ல ஓடி வருவது உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே விருந்தாகும்.

கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடாக விரிந்து கிடக்கும் அச்சங்குளத்துப் பெண்ணுக்கு மலையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று தோழியர் கேட்கலாம். வானம் தெளிந்த நாட்களில் மேற்கே நீலக் கோடு போட்டாற்போல் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. தொலைவில் நிற்கும் ஒன்றைப் பற்றி அறிய விரும்புவது மனித இயல்பு அன்றோ? அந்த ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

மெல்லோட்டம் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ஜாகிங் என்று சொல்லப்படுவதையே நாம் மெல்லோட்டம் என்கிறோம். இது பந்தயம் அன்று. யாரையும் முந்த வேண்டியதில்லை. நடையை விடச் சற்று வேகமாக, மூச்சு வாங்காமல், நெடுநேரம் ஓடுவதே மெல்லோட்டம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வரும் தோழியிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்!

இப்பயிற்சியை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் நியூசிலாந்து நாட்டுப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் முதன்மையானவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பர்க் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். ஸ்னெல் வென்றது 800 மீட்டர் ஓட்டம். ஹால்பர்க் வென்றது 5000 மீட்டர் ஓட்டம். இவ்விருவரையும் லிடியார்ட் எங்கே பழக்கினார் தெரியுமா? ஆக்லாந்து நகருக்கு அருகே காடு அடர்ந்த வைடாகெரே மலைத்தொடரில், மேடும் பள்ளமுமாகச் சுற்றி வரும் 22 மைல் வட்டப் பாதையில்தான். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு 35 கிலோமீட்டர் மலைச் சுற்று எதற்கு என்று அன்று பலர் வியந்தனர். மெதுவாக நெடுந்தூரம் ஓடிப் பழகிய இதயமே கடைசி நூறு மீட்டரில் கைகொடுக்கும் என்பது லிடியார்டின் கொள்கை. அதை ரோமாபுரி மெய்ப்பித்தது.

வட்டப் பாதையின் தன்மை

போன வழியே திரும்பி வரும் பாதைக்கும் வட்டப் பாதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போன வழியே திரும்பும்போது, எந்த இடத்தில் களைத்தாலும் வந்த தூரம் மட்டுமே மிச்சம். வட்டப் பாதையில் அப்படி இல்லை. ஆறு கிலோமீட்டர் வட்டத்தில் மூன்று கிலோமீட்டர் வந்துவிட்டால், முன்னே போனாலும் மூன்று, பின்னே போனாலும் மூன்று. இருப்பதிலேயே வீட்டுக்குத் தொலைவான இடம் அதுதான். அதைத் தாண்டியபின் திரும்ப நினைப்பது வீண்.

ஆகவே 'இன்றைக்கு என்னால் முடியுமா?' என்ற கேள்வியைப் பாதி வழியில் கேட்கக் கூடாது. முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும்போதே கேட்டுவிட வேண்டும். கால் வலி, தலைசுற்றல், கருத்த மேகம் ஆகிய எதுவாயினும் அங்கேயே முடிவெடுத்துத் திரும்பிவிடலாம். கொண்டுபோகும் தண்ணீரையும் மூன்றாகப் பகுத்துக்கொள்வது நல்லது: ஏறுவதற்கு ஒரு பங்கு, இறங்குவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதும் முக்கியம். செங்குத்தான பக்கம் ஏறி, சரிவு குறைந்த பக்கம் இறங்குவதே சிறந்தது. களைத்த கால்களோடு செங்குத்தில் இறங்கும்போதுதான் சறுக்கி விழுவது எளிது.

நம் நாட்டுச் சுற்றுப் பாதைகள்

மலையைச் சுற்றி வருவது தமிழருக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் அருணாசல மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான மக்கள், வயதான பாட்டிமார் உள்பட, வெறுங்காலுடன் அதைச் சுற்றி முடிக்கிறார்கள். ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சாலை அது. ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த அந்த மலைச் சரிவுகளில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டுப் பசுமையை மீட்டிருக்கிறார்கள். பொறுமையாக நடந்தால் எவ்வளவு தூரமும் கடக்கலாம் என்பதற்கு அந்தப் பாட்டிமாரே சான்று.

ஓடுவதற்கு ஏற்ற இன்னொரு சுற்று கொடைக்கானல் ஏரிக்கரை. 1863ஆம் ஆண்டு லெவிஞ்சு என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவான ஏரி அது. சுற்றிலும் மரங்கள் நிற்க, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை கரையோடு வளைந்து செல்கிறது. காலை வேளையில் அங்கே மெல்லோட்டம் ஓடுவோர் பலர். ஆனால் சமவெளியில் இருந்து போகும் நமக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவு. எனவே நம் மைதானத்தில் எளிதாக ஓடும் வேகமே அங்கே மூச்சு வாங்கவைக்கும். முதல் நாள் நடந்து பழகிவிட்டு அடுத்த நாள் ஓடத் தொடங்குவது அறிவுடைமை.

ஏற்றத்தில் உடல் என்ன செய்கிறது?

சமதரையில் ஓடும்போது நம் உடலை முன்னே தள்ளினால் போதும். ஏற்றத்தில் உடல் எடை முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் மேலே தூக்கவும் வேண்டும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் ஓட, சமதரை ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றல் தேவைப்படுகிறது. ஆகவே ஏற்றத்தில் வேகத்தைக் குறைப்பது சோம்பல் அன்று, கணக்கு.

தசைகள் கூடுதலாக உழைக்கும்போது கூடுதல் பிராணவாயு கேட்கின்றன. அதைக் கொண்டுசெல்லும் இரத்தத்தை இதயம் வேகமாக இறைக்கிறது. இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழித்தால் வருவது நம் இதயத் துடிப்பின் உச்ச எண்ணிக்கை என்பது தோராயமான ஒரு கணக்கு. பதினைந்து வயதுடைய எனக்கு அது 205. மெல்லோட்டத்தின்போது அதில் 60 முதல் 75 சதவீதத்துக்குள், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 முதல் 154 துடிப்புக்குள் இருப்பது நல்லது. மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் விடை தெரியும்.

எண்ணிக்கை கூடினால் என்ன செய்வது? நடக்க வேண்டும். மலைப் பந்தயங்களில் ஓடும் பெரிய வீரர்களே செங்குத்தான இடங்களில் கைகளைத் தொடையில் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். நாம் நடப்பதில் என்ன வெட்கம்? சிறு சிறு அடிகளாக வைத்து, இடுப்பை மடக்காமல், உடலை லேசாக முன்சாய்த்து ஏற வேண்டும்.

நேரக் கணக்கு

மலைப் பாதையில் கிலோமீட்டரை மட்டும் பார்த்து நேரம் குறித்தால் ஏமாந்து போவோம். 1892ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேறி ஓர் எளிய விதி வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏற வேண்டிய ஒவ்வோர் 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் என்பதே அது. நம் அளவையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி என்று கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதையின் நீளம் 6 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 300 மீட்டர். தூரத்துக்கு 72 நிமிடம், உயரத்துக்கு 30 நிமிடம், ஆக 102 நிமிடம். இது ஓய்வில்லாமல் நடப்பவருக்கு உரிய கணக்கு. சமதரையில் ஓடுவதால் 72 நிமிடத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அந்த 30 நிமிடத்தில் மிச்சம் பிடிப்பது கடினம். இளைப்பாறவும் தண்ணீர் குடிக்கவும் நேரம் சேர்த்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடும்படி புறப்பட வேண்டும். அதிகாலையே சாலச் சிறந்தது.

இறக்கத்தின் ஆபத்து

'ஏறிவிட்டோம், இனி என்ன கவலை?' என்று நினைக்கும் நேரம்தான் கவலைக்குரிய நேரம். இறக்கத்தில் மூச்சு வாங்காது. ஆனால் கால்கள் அதிகம் அடிபடும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்துகிறது. அதாவது தொடை நமக்குப் பிரேக்காக வேலை பார்க்கிறது. இவ்வகை வேலை தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகளை உண்டாக்கும். அதனால்தான் மலையிலிருந்து வந்த அன்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் முனகுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது தானே சரியாகும். பழகப் பழக வலியும் குறையும்.

இறங்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முழங்காலைச் சற்று மடக்கிய நிலையிலேயே அடி வைக்க வேண்டும். பயந்து பின்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் குதிகால் வழுக்கும். பார்வை பாதத்தின் மேல் இல்லாமல் நான்கைந்து அடி முன்னே இருக்க வேண்டும். ஈரப் பாறை, உதிர்ந்த சருகு, உருளும் சரளைக் கல் ஆகிய மூன்றையும் கண்டால் ஓட்டத்தை விட்டு நடையைப் பிடிக்க வேண்டும். அடிப்பகுதி தேய்ந்த காலணி, கட்டாத கயிறு, முள்ளில் மாட்டிக்கொள்ளும் துப்பட்டா ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம்.

காட்டின் சட்டம்

நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள காடு சாதாரணக் காடு அன்று. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988இல் திருவில்லிபுத்தூர்ப் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. யானையும், கரடியும், சிறுத்தையும் அங்கே வாழ்கின்றன. அங்கே நாமாகப் புகுந்து ஓடுவது கூடாது. ஓசையின்றித் திடீரென்று திருப்பத்தில் ஓடிவரும் மனிதரைக் கண்டால் யானையும் கரடியும் மிரளும்; மிரண்ட விலங்கு தாக்கும். வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியுடன், கூட்டமாக நடந்து செல்வதே அங்கே முறை.

இதற்காகவே தமிழக அரசு 2024 அக்டோபரில் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாநிலத்தில் 40 பாதைகளை அறிவித்தது. அவை எளிது, மிதம், கடினம் என்று மூவகையாகப் பிரிக்கப்பட்டன. காட்டை அறிந்த உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாகப் பழக்கப்பட்டனர். முதன்முதலாகச் செல்வோர் 'எளிது' என்பதில் தொடங்கி, பழகியபின் 'மிதம்' என்பதற்குப் போவதே ஒழுங்கு.

இந்த விதிகளின் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் இளம்பெண்கள் பலர். மலை உச்சியிலிருந்து திரும்பி இறங்கும் வழியில்தான் தீ அவர்களைச் சூழ்ந்தது. காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதர் ஓட்டத்தை விட வேகமாக ஓடும். மேலே எழும் வெப்பம் முன்னால் நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே காரணம். அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகளை வகுத்தது. கோடையில் தீ அபாயம் உள்ள நாட்களில் மலைப் பாதைகள் மூடப்படுவதும் இதனால்தான்.

நெருப்பு என்ன செய்யும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பன போன்ற விதிகள் எதற்காக எழுதப்பட்டன என்று எங்கள் பகுதிச் சிறு பிள்ளைக்கும் தெரியும். காலையில் வேலைக்குப் போன அம்மா மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக அன்றோ? காட்டின் விதிகளும் அத்தகையனவே. 'ஓடாதே' என்று தடுப்பதற்காக அவை ஏற்படவில்லை. 'திரும்பி வா' என்று அழைப்பதற்காகவே ஏற்பட்டன.

பெண்களும் ஓட்டமும்

பெண்ணுக்கு நெடுந்தூர ஓட்டம் ஆகாது என்று உலகமே நெடுங்காலம் நம்பியது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று காரணம் காட்டி அந்தப் போட்டியையே நீக்கிவிட்டார்கள். மீண்டும் வர 1960 ஆயிற்று. களைப்பு ஆண்களுக்கு மட்டும் வராதா என்ன? பெண்களுக்கான மாரத்தான் 1984இல்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 42 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடி முடித்து, பழைய நம்பிக்கையைப் பொய்யாக்கினார்.

நம் பக்கத்து மதுரை மாவட்டத்துச் சக்கிமங்கலத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த ரேவதி வீரமணி, தொடக்கத்தில் காலணி இல்லாமல் ஓடியவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். வசதி வந்தபின் ஓடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் ஓடத் தொடங்குமுன் நம் இரத்தத்தைப் பற்றியும் எண்ண வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பிராணவாயுவைச் சுமந்து செல்ல ஆள் குறைந்ததற்குச் சமம். இரண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் தோழியைச் 'சோம்பேறி' என்று கேலி செய்கிறோம். அவளுக்குத் தேவை கேலி அன்று, கீரையும் மருத்துவரும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள், அவற்றோடு எலுமிச்சை, நெல்லி ஆகியவை நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடாமல் விழுங்குவதும் ஒரு பயிற்சிதான்! ஓட்டத்துக்குக் கையில் கொண்டுபோக நம் பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலைமிட்டாயை மிஞ்சியது ஏது? வேர்க்கடலையும் வெல்லமும் உடனடித் தெம்பு தருவன.

கண்மாய்க் கரையில் தொடங்குவோம்

மலை இல்லாத ஊரில் மலையோட்டத்துக்கு எப்படிப் பழகுவது? கண்மாய்க் கரை இருக்கிறதே! வாரத்தில் மூன்று நாள், காலையில், வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செல்லலாம். முதல் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டி, நடையைக் குறைத்துக்கொண்டு வந்தால், இரண்டு மாதத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடலாம். அதன்பின் கரையின் சரிவில் ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பழகினால் தொடை மலைக்குத் தயாராகும். கரை ஏற வழியில்லாதவர்கள் பள்ளி மாடிப்படியைப் பயன்படுத்தலாம். காய்ச்சல் உள்ள நாளில் ஓடக் கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நின்று பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

கூட்டமாக ஓடும்போது ஒரு நெறி உண்டு. வேகமானவள் முன்னே பறந்துவிடக் கூடாது. எல்லாரிலும் மெதுவாக ஓடுபவளின் வேகமே அந்தக் கூட்டத்தின் வேகம். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று தலைகளை எண்ண வேண்டும். புறப்பட்டது எட்டுப் பேர் என்றால், எட்டாவது ஆள் வந்து சேரும்வரை அந்த ஓட்டம் முடியவில்லை.

முடிவுரை

மலை உச்சியைத் தொட்டவர்களைத்தான் உலகம் கொண்டாடுகிறது. ஆனால் சுற்றுப் பாதையில் உச்சி என்பது பாதி வழியே. புறப்பட்ட இடத்துக்கு நலமாக வந்து சேரும்போதுதான் வட்டம் முழுமை பெறுகிறது. ஆகவே தோழியரே, ஏறும்போது இறங்குவதற்கும் சேர்த்துப் பலம் மிச்சம் வையுங்கள், ஓடும்போது பின்னால் வருபவளைத் திரும்பிப் பாருங்கள், விதிகளை மதியுங்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் கண்மாய்க் கரையில் நம் பயிற்சியைத் தொடங்குவோம். மேற்கே தெரியும் அந்த நீல மலை நமக்காகக் காத்திருக்கும். அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.